எதிர்காலப் போர்க்களத்தைப் படிக்கப் பழகுவது எப்படி? ஹொஸ்டோமெல் ஓடுதளத்திலிருந்து தொடங்குங்கள்

பாதுகாப்புத் துறை பற்றிப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் ஆயுதங்களின் பின்னால்தான் போகிறார்கள். எந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் பாயும், எந்த விமானம் எத்தனையாவது தலைமுறை, யாரிடம் எத்தனை டாங்கி. யூடியூபில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். இந்தப் பட்டியல்களை முழுக்க மனப்பாடம் செய்தாலும், 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் பெரும்படை கீவ் நகரின் வாசல்வரை வந்து ஏன் நின்றுபோனது என்பதற்கு அவற்றில் பதில் கிடைக்காது.

இனிவரும் காலத்தில் படைகள் எப்படிப்பட்ட சூழலில் இயங்க வேண்டியிருக்கும் என்பதை நீங்களே ஆராய்ந்து பார்க்க ஒரு வழிமுறையை இங்கே தருகிறேன். ராணுவப் பின்னணி தேவையில்லை. ராணுவ அதிகாரியாகச் சேர்வதற்கான சிடிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர், பத்திரிகைத் துறை மாணவர், வெறும் ஆர்வத்தில் படிக்கிறவர் யாரானாலும் சரி. ஒரு நோட்டு, ஒரு வரைபடம், சில மாலை நேரங்கள், கூட உட்கார இரண்டு நண்பர்கள் இருந்தால் போதும். எந்தப் படையைப் பற்றிப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர்கள் நம்பியிருக்கும் ஏதோ ஒன்று திடீரென்று இல்லாமல் போனால், அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வார்கள்?

படி 1: ஓர் இடம், ஒரு நாள்

முழுப் போரையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், மூழ்கிவிடுவீர்கள். ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள். தொடக்கத்துக்கு நான் சொல்வது 2022 பிப்ரவரி 24, ஹொஸ்டோமெல் விமானத்தளம். கீவ் நகரின் வடமேற்கு விளிம்பை ஒட்டியது. அன்டோனோவ் நிறுவனத்தின் தளம் இது. உலகின் மிகப்பெரிய சரக்கு விமானமான ஏஎன்-225 இங்கேதான் நின்றிருந்தது, இங்கேதான் அழிந்தது.

அன்று காலை பெலாரஸ் பக்கமிருந்து ரஷ்ய ஹெலிகாப்டர்கள் கூட்டமாகத் தாழப் பறந்து வந்து வான்குடைப் படையினரை இறக்கின. திட்டம் சிக்கலானதல்ல. ஓடுதளத்தைப் பிடிப்பது, பின்னாலேயே ஐஎல்-76 போக்குவரத்து விமானங்களில் படையும் வாகனங்களும் வந்து இறங்குவது, அங்கிருந்து நேரே தலைநகருக்குள் நுழைவது. உக்ரைன் தரப்பில் தளத்தில் இருந்தது தேசியக் காவற்படையின் ஒரு சிறு பிரிவுதான். அந்தப் பிரிவு சேர்ந்திருந்த பிரிகேடின் (பெரிய படையணியின்) பெரும்பகுதி அப்போது கிழக்கே இருந்தது. அவர்கள் எதிர்த்துச் சுட்டார்கள், சில ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள், பிறகு பின்வாங்கினார்கள். அன்று மாலைக்குள் உக்ரைனியப் பீரங்கிகள் ஓடுதளத்தைக் குண்டுபோட்டுக் கெடுத்தன, எதிர்த்தாக்குதலும் வந்தது. போக்குவரத்து விமானங்கள் இறங்கவே இல்லை. மறுநாள் தரைவழியே வந்த ரஷ்யப் படை தளத்தைப் பிடித்தது. ஆனால் பிடித்தது பயன்படாத ஓடுதளத்தை. மார்ச் இறுதியில் அந்தப் பகுதியிலிருந்தே ரஷ்யப் படைகள் விலகின.

கூகுள் மேப்பில் அந்த இடத்தைத் திறந்து, கீவ், புச்சா, இர்ப்பின் ஆறு, பெலாரஸ் எல்லை ஆகியவற்றை ஒரு தாளில் கையால் வரையுங்கள். கையால் வரைவது முக்கியம். தூரங்கள் மனத்தில் நிற்கும்.

படி 2: எது எதை நம்பி நிற்கிறது?

வரைபடத்தின் பக்கத்தில் ஒரு சங்கிலி எழுதுங்கள். ஹெலிகாப்டர்கள் பத்திரமாக வரவேண்டும். அதற்கு வான்பாதுகாப்பு அடங்கியிருக்க வேண்டும். ஓடுதளம் சேதமின்றிக் கிடைக்க வேண்டும். அதற்குச் சுற்றியுள்ள பீரங்கிகள் வாயடைக்கப்பட்டிருக்க வேண்டும். போக்குவரத்து விமானங்கள் சில மணி நேரத்தில் வரவேண்டும். இல்லாவிட்டால் இறங்கியவர்கள் தோளில் சுமந்து வந்ததை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். தரைப்படை நேரத்துக்கு வந்து சேரவேண்டும். அதற்குப் பாலங்கள், டீசல், காய்ந்த மண் எல்லாம் வேண்டும். கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: உக்ரைன் அரசு பயந்து ஓடிவிடும்.

ஆயுதப் பட்டியல் போடும்போது இந்தக் கடைசி வரி வரவே வராது. சங்கிலி எழுதும்போது மட்டும்தான் அது வெளியே தெரியும். திட்டத்தில் தனிக் கட்டம்கட்டி யாரும் எழுதிவைக்காத அனுமானத்தைத் தேடிப் பிடிப்பதே இந்தப் படியின் பாதி வேலை.

இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, அடுக்களையிலிருந்து சோறு வரவில்லை என்றால் பந்தி என்ன ஆகும்? ஹொஸ்டோமெலில் இறங்கிய வான்குடைப் படையின் நிலை அதுதான். வீரத்தில் குறையில்லை, பின்னால் வரவேண்டியது வரவில்லை.

படி 3: ஒவ்வொரு கண்ணியாக அறுத்துப் பாருங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான், அவசரப்படாதீர்கள். நான்கு வகையாக அறுக்கலாம்.

முதலாவது தகவல்தொடர்பு. படையெடுப்புக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை சைபர் தாக்குதலில் விழுந்தது. குறி உக்ரைன்தான். ஆனால் ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அதே அடியில் போனது. உக்ரைன் அதிலிருந்து மீண்டது, வேறு வழிகள் இருந்ததால்: கைபேசி வலையமைப்பு, கம்பிவழி இணைப்பு, சில நாட்களில் வந்துசேர்ந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம். மறுபக்கம், தாக்கவந்த ரஷ்யப் பிரிவுகள் பல சங்கேதக் காப்பில்லாத வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தன. எதிரி மட்டுமல்ல, வெளிநாட்டு வானொலி ஆர்வலர்கள்கூட உட்கார்ந்து கேட்டார்கள். நோட்டில் எழுதவேண்டிய கேள்வி: முதல் வழி போனால் இரண்டாவது எது, இரண்டாவதும் போனால் மூன்றாவது எது?

இரண்டாவது இடமறிதல். ஜிபிஎஸ் சிக்னல் மிகப் பலவீனமானது, அதை ஜாமர் என்ற சிக்னல் தடுப்புக் கருவி வைத்துக் குழப்புவது கடினமல்ல. அமெரிக்கா தந்த எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டு ஜிபிஎஸ் துணையோடு துல்லியமாக விழுந்து ஆரம்பத்தில் பெயர் வாங்கியது. ரஷ்ய ஜாமிங் பெருகியதும் அதன் துல்லியம் சரிந்தது. ட்ரோன்களும் அதே ஜாமர்களில் மாட்டின. 2024-இல் ரஷ்யா மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களைப் பெருமளவில் களமிறக்கியது. கம்பிவழி போகும் கட்டளையை எந்த ஜாமரும் தடுக்க முடியாது. அதற்கு மாற்றாக உக்ரைனியச் சாலைகளின் மேல் வலைப்பந்தல் போட்டார்கள். ஐரோப்பிய மீனவர்கள் கழித்த பழைய வலைகளும் அங்கே தொங்குகின்றன. அதிநவீனப் போர் என்று நாம் சொல்வது பாதி நேரம் இப்படித்தான் இருக்கிறது: கம்பியும் வலையும்.

மூன்றாவது வழங்கல். கீவ் நோக்கி வடக்கேயிருந்து வந்த ரஷ்ய வாகன வரிசை ஒரு கட்டத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நின்றது. டீசல் பற்றாக்குறை, சாப்பாட்டுப் பற்றாக்குறை, தகர்க்கப்பட்ட பாலங்கள், தார்ச்சாலையை விட்டு இறங்கினால் சேறு. போதாததற்கு உக்ரைன் அணை நீரைத் திறந்துவிட்டு இர்ப்பின் ஆற்றுச் சமவெளியையே மூழ்கடித்தது. இதைப் பார்த்த பிறகு, எதிர்காலப் போர் என்ற தலைப்பில் எழுதப்படும் எந்தக் கட்டுரையிலும் டீசல் லாரி என்ற சொல் வருகிறதா என்று தேடுவது என் வழக்கம். வரவில்லையென்றால் அந்தக் கட்டுரைமேல் எனக்குப் பெரிய மரியாதை இருப்பதில்லை.

நான்காவது கட்டளை. மேலிருந்து உத்தரவு வராத நேரத்தில் கீழே இருப்பவர் என்ன செய்வார்? 1806-இல் யேனாவில் நெப்போலியனிடம் அடிவாங்கிய பிரஷ்யப் படை இந்தக் கேள்வியில் கட்டியெழுப்பிய மரபு இன்றும் பல படைகளின் பயிற்சியில் இருக்கிறது. நோக்கத்தைத் தெளிவாகச் சொல், செய்யும் வழியைக் களத்தில் இருப்பவரிடம் விடு. உக்ரைன் 2014-க்குப் பிறகு இந்தத் திசையில் சிறிது நகர்ந்திருந்தது. ரஷ்யப் பக்கமோ, தடைபட்ட இடங்களில் முடிவெடுக்க ஜெனரல்களே முன்னணிக்கு வரவேண்டியிருந்தது, பல ஜெனரல்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். உயர்தர மென்பொருளும் திரைகளும் வந்தபின் இன்னொரு ஆபத்தும் கூடியிருக்கிறது. தலைமையகத்தில் உட்கார்ந்து, சுமார் பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு செக்‌ஷனையும் நேரலையில் பார்க்க முடிகிற அதிகாரி, ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் உத்தரவு போடத் தொடங்கிவிடுவார். திரை அணைந்த அன்று கீழே யாருக்கும் சொந்தமாக யோசிக்கும் பழக்கம் இருக்காது.

படி 4: யார் பார்க்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள்?

ஒளிந்துகொள்ள இடம் குறைந்துவிட்டது. வணிகச் செயற்கைக்கோள்கள், மலிவு ட்ரோன்கள், ஊர்க்காரர் கையில் கைபேசி. 2023 புத்தாண்டு நள்ளிரவை ஒட்டி மாக்கீவ்கா என்ற ஊரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த தொழிற்பள்ளிக் கட்டடம் ராக்கெட்டுகளால் தாக்கப்பட்டது. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. வீரர்கள் தடையை மீறிக் கைபேசி பயன்படுத்தியதுதான் காரணம் என்றது. இருக்கலாம். ஆனால் அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ், வெடிமருந்துக்குப் பக்கத்தில் தங்கவைத்தது எந்தச் சிப்பாயின் கைபேசியும் அல்ல. அதிகாரபூர்வ விளக்கங்களைப் படிக்கும்போது பழி எங்கே இறக்கிவைக்கப்படுகிறது என்று பாருங்கள்.

உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு பிரிவைச் சுற்றியும் ஒரு வட்டம் போடுங்கள்: கண்ணுக்குத் தெரியும் தூரம், உடல், எஞ்சின் வெப்பத்தில் தெரியும் தூரம், சிக்னலில் தெரியும் தூரம். பெரும்பாலும் மூன்றாவது வட்டம்தான் பெரிதாக இருக்கும். தலைமையகங்களைச் சிறிதாக்கு, சிதறவை, அடிக்கடி இடம்மாற்று என்று எல்லாப் படைகளும் இன்று பேசுவது இதனால்தான். பேசுவது எளிது. சிதறிய படைக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சிதறிய லாரிகள் வேண்டும். மறுபடி படி 3.

படி 5: விலைக் கணக்கு, ஆனால் முழுக் கணக்கு

செங்கடலில் 2023 இறுதியிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஏவிய ட்ரோன்களின் விலை பெரும்பாலும் ஆயிரங்களில் அல்லது பத்தாயிரங்களில், டாலர் கணக்கில். அவற்றை வீழ்த்திய அமெரிக்கக் கடற்படை ஏவுகணைகளில் சிலவற்றின் விலை 20 லட்சம் டாலரைத் தொடும். இத்தோடு நிறுத்திவிட்டு 'பார்த்தீர்களா' என்று கேட்பவர்கள் அதிகம். காப்பாற்றப்பட்ட கப்பலின் விலையையும் அதிலிருந்தவர்களின் உயிரையும் கணக்கில் சேர்த்தால் படம் மாறும். உண்மையான நெருக்கடி விலையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பலில் 90 சொச்சம் ஏவுகுழாய்கள். தீர்ந்தால் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும், நடுக்கடலில் நிரப்புவது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

2025 மே 8, 9 இரவில் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவின் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக இந்திய அரசு சொன்னது. அவற்றை எதிர்கொண்டதில் புது ஏவுகணைகளோடு எல்-70, ஷில்கா போன்ற பழைய பீரங்கிகளும் இருந்தன. எல்-70-இன் வடிவமைப்பு இரண்டாம் உலகப்போருக்கு அடுத்த சில ஆண்டுகளைச் சேர்ந்தது. குண்டு மலிவு, கையிருப்பு நிறைய, புதுக் கண்களும் கட்டுப்பாட்டு வலையமைப்பும் பூட்டினால் ட்ரோனுக்குப் போதும். காயலான்கடைக்கு என்று ஒதுக்கியதை அவசரப்பட்டு விற்காத படைக்கு ஒரு நாள் லாபம் வரும்.

படி 6: ஊரும் மக்களும்

இதைத் தனிப் படியாக வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் கடைசிவரை தவிர்ப்பது இதைத்தான். வரைபடத்தில் சாம்பல் நிறக் கட்டமாக இருப்பது மனிதர்கள் வாழும் ஊர். ஈராக்கில் மோசூல் நகரை ஐஎஸ் அமைப்பிடமிருந்து மீட்க 2016 அக்டோபர் தொடங்கி 2017 ஜூலைவரை ஒன்பது மாதம் ஆனது. உள்ளே லட்சக்கணக்கான மக்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் வாங்கிய ட்ரோன்களில் சிறு குண்டுகளைக் கட்டிப்போடும் வித்தை பெரிய அளவில் பழகப்பட்டதும் அங்கேதான்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணம், 1987 அக்டோபர். அமைதி காக்க என்று போன இந்தியப் படை அந்த நகரத்தை நோக்கிச் சண்டையிட்டு முன்னேறவேண்டி வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படையணியின் பிளட்டூன் (சுமார் 30 பேர் கொண்ட பிரிவு) ஒன்று ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. பின்தொடர வேண்டியவர்கள் வந்துசேர முடியவில்லை. ஹொஸ்டோமெல் சங்கிலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 35 ஆண்டு இடைவெளியில் அதே கண்ணி அறுந்திருக்கிறது. அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ் போதனா மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த மக்கள் நடுவே அந்தப் படை பிறகு எந்த முகத்தோடு நிற்க முடியும்? 1990 மார்ச்சில் அது கிளம்பிப் போனது. மக்களைக் காப்பது நீதியின் கேள்வி. அதோடு, அந்தப் படை அடுத்த மாதமும் அந்தத் தெருவில் இயங்க முடியுமா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

தானாகவே குறியைத் தேர்ந்து சுடும் இயந்திரங்கள் வரும்போது இது இன்னும் கூர்மையாகும். நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்: இந்தத் தெருவில் சுடு என்று சொன்னது யார், தவறினால் பொறுப்பு யாருக்கு?

படி 7: மண், உயரம், குளிர்

சுருக்கமாக ஒன்று மட்டும். சமவெளியிலிருந்து லடாக்குக்குப் போகும் இந்திய வீரர் 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று உடலைப் பழக்கிய பிறகுதான் முழு வேலைக்குப் போகலாம். மொத்தம் 14 நாள். எந்த மென்பொருளும் இதைச் சுருக்காது. ஹெலிகாப்டரும் அங்கே குறைந்த எடையைத்தான் தூக்கும், பேட்டரியும் சீக்கிரம் சாகும். நீங்கள் ஆராயும் இடத்துக்கு இப்படிப்பட்ட எண் ஒன்றாவது இருக்கும், தேடிப்பிடியுங்கள்.

படி 8: சொன்னதைச் சரிபாருங்கள்

2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களால் சைபீரியாவரை பல ரஷ்ய விமானத்தளங்களைத் தாக்கியது. 41 விமானங்கள் அழிந்தன அல்லது சேதமடைந்தன என்றது உக்ரைன். படங்களால் உறுதியானவை அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதனாலேயே அந்தத் தாக்குதல் சிறியதாகிவிடாது. ஆனால் நோட்டில் இரண்டு பத்திகள் வேண்டும்: சொல்லப்பட்டது, காட்டப்பட்டது.

இலவசக் கருவிகள் போதும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும். தனி டாங்கி தெரியாது, எரிந்த எண்ணெய்க் கிடங்கும் வெள்ளமும் தெரியும். நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் தீப்பிடித்த இடங்களைக் காட்டும். காட்டுத்தீக்காக வந்த கருவி, பீரங்கிச் சண்டை நடக்கும் பகுதிகளையும் காட்டிக்கொடுக்கிறது. வயற்காட்டில் அறுவடைக்குப் பின் பயிர்த்தாள் எரிப்பதையும் அது அப்படியே காட்டும், எனவே ஒரே புள்ளியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 9: மேசையில் ஆடிப் பாருங்கள்

1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் படைத்தலைமைக்கு ஆடிக்காட்டியதுதான் இதன் முன்னோடி: வரைபடம், சிறு கட்டைகள், தாயக்கட்டை, ஒரு நடுவர். அதே முறை உங்களுக்கும் போதும்.

ஒருவர் தாக்குபவர், ஒருவர் தற்காப்பவர், ஒருவர் நடுவர். ஹொஸ்டோமெல் வரைபடம் மேசையில். ஒரு சுற்று என்பது ஒரு மணி நேரம். இருவரும் அந்த மணி நேரத்தில் செய்ய நினைப்பதைச் சீட்டில் எழுதி நடுவரிடம் தரவேண்டும், பேசக் கூடாது. முடிவு தெளிவாகத் தெரியாத இடத்தில் நடுவர் தாயம் உருட்டுவார். முக்கியமானது அறுப்புச் சீட்டுகள். படி 3-இல் எழுதியவற்றைச் சீட்டுகளாக்கிக் குலுக்கி வையுங்கள்: "வயர்லெஸ் போய்விட்டது, உங்கள் உத்தரவு இரண்டு சுற்று தாமதமாகத்தான் போகும்", "பாலம் இல்லை", "உங்கள் இருப்பிடம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது", "ஓடுதளத்தில் அகதிகள் நிற்கிறார்கள்". ஒவ்வொரு இரண்டாம் சுற்றிலும் இருவரும் ஒரு சீட்டு எடுக்கவேண்டும்.

ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்: எதிரியாக ஆடுபவர் ஜெயிக்க அனுமதி வேண்டும். 2002-இல் அமெரிக்கா மில்லெனியம் சேலஞ்ச் என்ற மாபெரும் போர்ப் பயிற்சியை நடத்தியது. எதிரி வேடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர். ஒட்டுக்கேட்கப்படும் என்று வயர்லெஸ்ஸைத் தவிர்த்து மோட்டார் சைக்கிளில் தூதுவர்களை அனுப்பினார், விளக்குச் சைகை கொடுத்தார், ஏவுகணைகளையும் சிறு படகுகளையும் ஒரே நேரத்தில் ஏவிப் பயிற்சிக் கணக்கில் 16 கப்பல்களை மூழ்கடித்தார். நடத்தியவர்கள் கப்பல்களை மறுபடி மிதக்கவிட்டு, அவருடைய கையைக் கட்டிப்போட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர் பாதியில் விலகிக்கொண்டார். உங்கள் மேசையிலும் யாராவது "நிஜத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள்" என்று சொல்வார்கள். அந்த வாக்கியத்தைத் தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள், படி 2-இல் விட்டுப்போன அனுமானம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் யார் வென்றார் என்று விவாதிக்காதீர்கள். எந்தச் சீட்டு வந்தபோது யார் திகைத்து நின்றார், யார் உடனே மாற்றுவழி எழுதினார் என்று மட்டும் குறியுங்கள். அதே ஆட்டத்தை இடம்மாறி ஒருமுறை ஆடுங்கள்.

அடுத்து எடுக்க மூன்று நிகழ்வுகள் சொல்கிறேன். 2020 நாகோர்னோ கராபாக் போர், 44 நாள்: பழைய ஏஎன்-2 இரட்டை இறக்கை விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டு, அவற்றைச் சுட்ட ஆர்மீனிய வான்பாதுகாப்பின் இருப்பிடத்தை அஜர்பைஜான் கண்டுபிடித்தது, படி 4-க்குப் பொருத்தம். 2017-இல் பிலிப்பைன்ஸின் மராவி நகரில் ஐந்து மாதம் நடந்த சண்டை, படி 6-க்கு. மூன்றாவதாக அதே 2025 ஜூன் 1 தாக்குதல். ஆனால் இந்த முறை விமானத்தளக் காவலர் பக்கம் உட்கார்ந்து ஆடுங்கள். தளத்தின் வேலிக்கு வெளியே ஒரு சரக்கு லாரி வந்து நிற்கிறது, உங்களுக்குச் சந்தேகமில்லை, முதல் சுற்று தொடங்குகிறது.